பாதிக் கடல் தேநீர்

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் டோவர் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். என் படுக்கையறை ஜன்னல் அதிர்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தென்மேற்குக் காற்று, இன்றைக்கு எந்தக் கப்பலும் அலைத்தடுப்பைத் தாண்டப் போவதில்லை என்று. ஆனாலும் துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இங்கிலாந்துக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் நடுவிலிருக்கும் இந்தக் கடல் கால்வாயில் பயணிகள் கப்பல் ஓட்டியே தலை நரைத்தவன் நான். அங்கே இன்னும் என் குரல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் கிளம்பாது கேப்டன்," என்றான் பேசியவன். "நீங்களே இருந்தாலும் கிளம்ப மாட்டீங்க."

அது உண்மை. ஆனால் மறுநாள் காலை, அக்கரையில், கலே நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் நகராட்சி மண்டபத்தில் என் மகன் கிளைவுக்குக் கல்யாணம். மேயர் முன்னிலையில் கையெழுத்து. அந்த மேயருக்கு அன்று இன்னும் இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றனவாம். மாப்பிள்ளையின் அப்பாவுக்காகக் காத்திருக்க மாட்டாராம்.

நான் கீழே இறங்கி வந்தபோது என் மருமகன் டெரன்ஸ் சமையலறையில் ஒரு விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். என் மகள் ஹிலரியைக் கட்டியவன். அவள் கல்யாண வேலைக்காக ஒரு வாரம் முன்பே போய்விட்டாள். எங்களைக் காரில் கூட்டிவரும் பொறுப்பு இவனுடையது. தரைவிரிப்பு விற்பவன். விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதை எல்லாம் அப்படியே நம்புவான்.

"மாமா, ஒரே வழிதான் இருக்கு," என்றான்.

"இல்ல."

"நான் இன்னும் சொல்லவே இல்லியே."

"நீ சொல்லப்போறது தெரியும். இல்ல."

ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா இந்தக் கால்வாயில் தபால் கப்பல் ஓட்டினார். என் அப்பா அதே தடத்தில் மாலுமி. பிறகு நான். பில்ச்சர் குடும்பத்தைத் தெரியாத கப்பல்காரன் டோவரில் இல்லை. போன டிசம்பரில்தான் கடலுக்கடியில் தோண்டிய அந்தச் சுரங்கத்தில் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலை ஓட்ட ஆரம்பித்தார்கள். அதே டிசம்பரில்தான் நிச்சயதார்த்த விருந்துக்கு என் சம்பந்தி எமில் வாஸர் வீட்டுக்குப் போயிருந்தோம். கப்பலில்தான் போனோம்.

வாஸர் அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் ஒருவர். தோண்டி முடித்ததும் அக்கரை நிலையத்திலேயே பாதுகாப்புக் குழுவில் வேலை கொடுத்துவிட்டார்கள். அன்று முயல் கறி பரிமாறியதிலிருந்து பாலாடைக்கட்டி வரும்வரை மனிதர் சுரங்கத்தை விட்டு வெளியே வரவில்லை. துளைக்கும் எந்திரம் எவ்வளவு நீளம், பாறை என்ன நிறம், இரண்டு பக்கத்து ஆட்களும் கடலுக்கடியில் எப்படிச் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்குக் கார்லயே வந்துடுங்க. கப்பலை எல்லாம் இனிமே கண்காட்சியிலதான் வைக்கணும்," என்றார்.

அதை நான் காதில் வாங்காமல் விட்டிருக்கலாம். அவர் வீடு, அவர் மேஜை. ஆனால் அந்த மேஜையில் என் தாத்தாவையும் என் அப்பாவையும் கண்காட்சிக்கு அனுப்புகிறார் என்றுதான் எனக்குக் கேட்டது. நான் நாப்கினை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "சம்பந்தி, எங்க குடும்பத்துல எவனும் எலி மாதிரி வளைக்குள்ள பூந்து கடலைத் தாண்டினதில்ல. நான் உசிரோட இருக்கற வரைக்கும் தாண்டவும் மாட்டான்."

கிளைவ் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். மணப்பெண் ஒடில் மொழிபெயர்த்தாள். வார்த்தைக்கு வார்த்தை. அந்தப் பெண்ணின் குணம் அப்படி.

வாஸர் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "வருவீங்க," என்றார். "ஒரு நாள் வருவீங்க. அன்னிக்குக் கதவை நானே வந்து திறப்பேன்."

இதுதான் விஷயம். டெரன்ஸ் அதே சுரங்கத்துக்கான தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அண்ணா, பையன் கல்யாணம் பெருசா, வாயால சொன்னது பெருசா?" என்றாள் என் தங்கை வின்னி. அவள் மேஜை மேல் கல்யாண கேக்கின் மூன்று அடுக்குகளையும் தனித்தனி அட்டைப் பெட்டிகளில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்திலிருந்து பிராந்தி ஊட்டி வளர்த்த கேக். பெண் வீட்டார் கிரீம் உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கி அதைத்தான் கல்யாண கேக் என்கிறார்கள். வின்னி அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆத்திரத்தில் இருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

"அப்ப நீ இங்கயே இரு. நான் கேக்கோட போறேன். அப்பா எங்கேன்னு மேயர் கேட்டா, வீட்டுல உட்கார்ந்து காத்து வீசறதைப் பாத்துட்டு இருக்காருன்னு சொல்றேன்."

டெரன்ஸ் குரலைத் தாழ்த்தினான். ஏதோ கள்ளக்கடத்தல் பேசுவதுபோல. "மாமா, ஹிலரி நேத்து போன்ல சொன்னா. வாஸருக்கு இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. அப்புறம் முடிவெட்டிக்கப் போறாராம். நாம சாயங்காலமாப் போனா யாருக்குத் தெரியும்?"

நான் கோட்டை எடுத்து மாட்டினேன்.

"எப்படி வந்தோம்னு யாரும் பேச வேண்டியதில்ல," என்றேன்.

"அதை எங்கிட்ட விட்டுடுங்க மாமா," என்றான் டெரன்ஸ். அந்த இடத்தில் நான் அவனைக் கொஞ்சம் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஃபோக்ஸ்டனில் அந்த நிலையத்தைப் பார்த்தபோதே எரிச்சல் தொடங்கிவிட்டது. காய்கறிச் சந்தையின் வண்டி நிறுத்துமிடம் மாதிரி இருந்தது. கடல் கண்ணுக்கே தெரியவில்லை. கடலைக் கடக்க வந்தவனுக்குக் கடலைக் காட்டாமல் ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் இருந்த பெண் எங்களிடம் சீட்டைக் கொடுத்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க செல்லம்," என்றாள். என்னைச் செல்லம் என்று கூப்பிட்டு ஐம்பது வருஷம் ஆகிறது. அடுத்த கூண்டில், இங்கிலாந்து மண்ணில், ஒரு பிரெஞ்சுக்காரன் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவங்க ஏன் இங்க இருக்காங்க?" என்றேன்.

"அங்க போய் நிக்காம நேரா வெளிய போயிடலாம் மாமா. தாள்ல போட்டிருக்கு."

"அந்தத் தாளை வெளிய எறி."

பிறகு காரை ரயிலுக்குள் ஓட்டச் சொன்னார்கள். ரயிலின் பக்கவாட்டில் ஒரு வாய். அதற்குள் நுழைந்து திரும்பி, பெட்டிக்குப் பெட்டி, காருக்குப் பின் கார் என ஓட்டிக்கொண்டே போக வேண்டும். இரு பக்கமும் கண்ணாடி உரசும் அளவுக்குத்தான் இடம். மருத்துவமனை நடைபாதை போல மஞ்சள் வெளிச்சம். சீருடைப் பெண் ஒருத்தி கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். குனிந்து டெரன்ஸிடம், "எஞ்சினை நிறுத்துங்க, கியர்ல விடுங்க, கைபிரேக்கைப் போடுங்க, ஜன்னலைப் பாதி இறக்குங்க, சிகரெட் கூடாது," என்று பாடம் ஒப்பித்தாள். அதன்பிறகு பெட்டிகளுக்கிடையில் இரும்புக் கதவுகள் இறங்கின. நான் என் வாழ்நாளில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பயணம் புறப்பட்டது அதுதான் முதல் தடவை.

முன் காரிலிருந்து இறங்கிய ஒரு தொப்பிக்கார அம்மாள் பெட்டியின் சிறிய ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். "ஏங்க, மீனெல்லாம் எப்ப தெரியும்?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியாதுங்க. அது பாறை."

"கடலுக்கடியிலன்னு சொன்னாங்களே?"

"கடலுக்கடியில இருக்கற பாறைக்கும் அடியில."

அந்த அம்மாள் நான்தான் மீன்களை ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு காருக்குத் திரும்பிப் போனாள். காது அடைத்தது. அவ்வளவுதான் அடையாளம். அலை இல்லை, காற்று இல்லை, திசை இல்லை. பின்னால் யாரோ ஒருவருடைய கார் அலாரம் ஆட்டத்தில் தானாக அலற ஆரம்பித்து, அதன் சொந்தக்காரன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். இதற்காகவா அத்தனை வருஷம் தோண்டினார்கள்? என் மடியில் கேக்கின் அடி அடுக்கு இருந்தது. கனம். அசையவும் முடியவில்லை.

"நான் கழிப்பறை வரைக்கும் போயிட்டு வர்றேன் மாமா," என்றான் டெரன்ஸ். "மூணு பெட்டிக்கு ஒண்ணுதானாம்." போய்விட்டான். அவன் இருந்திருந்தால் அடுத்தது நடந்திருக்காது. இதை அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

வின்னி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். "அண்ணா, பாதி வந்திருக்குமா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "வந்திருக்கும்."

"அப்பா மேல இருப்பாரு."

எங்கள் அப்பா கால்வாயின் நடுவில், மூடுபனியில், ஒரு சரக்குக் கப்பல் வந்து மோதியதில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு முதல் தடவை அக்கரை போனபோது எங்கள் அம்மா பாதிக் கடலில், தளத்தின் ஒதுக்குப்புறத்தில், ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பை ஏற்றி, புதிதாகத் தேநீர் போட்டு, முதல் கோப்பையைக் கடலில் ஊற்றினாள். பிளாஸ்கில் கொண்டுபோன தேநீர் ஆகாது. அப்பா ஆறின தேநீரைத் தொடவே மாட்டார். அதைச் சாக்கடைத் தண்ணீர் என்பார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கால்வாயைக் கடந்தாலும் நடுவில் தேநீர் போடாமல் கடந்ததில்லை. எல்லாக் கப்பல்காரர்களுக்கும் இது தெரியும். அடுப்பைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். காற்றுக்கு மறைப்பாக வந்து நின்றவர்களும் உண்டு.

வின்னி அந்த அடுப்பைக் கொண்டுவந்திருந்தாள். கூடவே தண்ணீரோடு ஒரு சின்னக் கெண்டி, அம்மாவின் பீங்கான் தேநீர்க் கூசா.

"இங்க கூடாது வின்னி."

"சிகரெட்தான் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. நாம சிகரெட்டா பிடிக்கிறோம்? ஸ்பிரிட்டுக்குப் புகையே வராது."

"எங்க ஊத்துவ?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். போடாமப் போனா என்ன அர்த்தம்? அவருக்கு அடியில பூந்து, எட்டிக்கூடப் பாக்காமப் போறதா? எலி மாதிரின்னு நீதானே சொன்ன?"

அவளுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று எப்போதும் தெரியும். ஏற்கனவே வாக்குத் தவறியாகிவிட்டது. அதற்கு மேல் இதையும் விடுவது என்னால் முடியவில்லை. கேக்கை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். வின்னிக்குத் தீக்குச்சி கிழிக்கக் கை நடுங்கும். அதனால் காருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் தரையில் அடுப்பை வைத்து நானே ஏற்றினேன். நீலச் சுடர். புகை இல்லைதான். கெண்டி பாட ஆரம்பித்தது. கூசாவில் இலையைப் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றினேன். மூடியை வைத்தேன்.

மணி அடித்தது.

ஒரு மணி இல்லை. பெட்டி முழுவதும் மணி. கூரையில் சிவப்பு விளக்கு. இரண்டு மொழியில் ஒரு குரல் யாரையோ எங்கேயோ போகச் சொன்னது. நான் அடுப்பின் மூடியைப் போட்டு அதை அணைத்துவிட்டேன். அது கப்பல்காரன் கை, தானாகச் செய்யும். ஆனால் கதவு திறந்து சீருடைப் பெண் ஓடி வந்துவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"என்ன பண்றீங்க நீங்க?"

"தேநீர்."

"ரயிலுக்குள்ள அடுப்பு ஏத்தினீங்களா?"

"இப்ப அணைஞ்சிடுச்சு."

"எல்லாரும் அடுத்த பெட்டிக்கு! எதையும் எடுக்காதீங்க! அப்படியே விட்டுட்டு வாங்க!"

"கேக்கை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்," என்றாள் வின்னி.

"அம்மா, தீ விபத்துன்னா..."

"தீ எங்கம்மா இருக்கு? அதான் அவரு அணைச்சுட்டாருல்ல? நீ இந்த மேல் பெட்டியைப் பிடி. நேராப் பிடி, சாய்க்காதே!"

அந்தப் பெண் ஏன் பிடித்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பிடித்தாள். வின்னி நடு அடுக்கு, அவள் மேல் அடுக்கு. அடி அடுக்கை மீன் கேட்ட அந்த அம்மாளின் கணவர் தலையில் கட்டினார்கள். கொதிக்கும் கூசாவைத் தரையில் கவிழும்படி விட்டுவிட்டுப் போக முடியாது. அதை நான் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து நடந்தேன். கார்களிலிருந்து இறங்கிய சனங்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"டீ போட்டாராம்யா!" என்றான் ஒருவன்.

"பிஸ்கட் இருக்கான்னு கேளு," என்றான் இன்னொருவன்.

அடுத்த பெட்டியில் டெரன்ஸ் ஈரக் கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே எதிரே வந்தான். "என்ன மாமா ஆச்சு? எதுக்கு மணி..." அவன் பார்வை கூசாவில் வந்து நின்றது. "ஐயோ," என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

ரயில் நிற்காமல் ஓடி வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் மற்ற ரயில்கள் நிற்கும் மேடைக்குப் போகவில்லை. தனியாக ஒரு தடத்தில் நிறுத்தினார்கள். வெளியே தீயணைப்பு வண்டிகள் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. பெட்டியில் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் ஒரே கணக்குத்தான். மத்தியானம் தாண்டியாயிற்று. வாஸர் போயிருப்பார். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

கதவு திறந்தது.

முடி வெட்டியாகியிருந்தது. கழுத்தில் பவுடர்கூட இருந்தது. வாசனைத் தைலம் இரண்டு கஜம் வீசியது. கல்யாணத்துக்குத் தயாரான தலைக்குக் கீழே, அவசரமாக மாட்டிய பாதுகாப்புச் சட்டை, ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அபாய மணி அடித்தால் வேலை முடிந்து போனவர்களையும் கூப்பிடுவார்களாம். டெரன்ஸின் தாளில் அது போடவில்லை.

எமில் வாஸர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கூசாவைப் பார்த்தார். வின்னியை, கேக்கை, வாயைப் பிளந்து நின்ற டெரன்ஸைப் பார்த்தார்.

அவர் சொல்லப்போவதை எதிர்பார்த்து நான் தயாராகத்தான் நின்றேன். அதற்கு மூன்று பதில்கள் வைத்திருந்தேன்.

"வாங்க சம்பந்தி," என்றார். "படி உசரம். பாத்து இறங்குங்க."

அவ்வளவுதான். கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனிதனை இதைவிட எரிச்சல்படுத்த முடியுமா? என் மூன்று பதில்களும் வாயிலேயே கிடந்தன.

எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஓர் இளம் அதிகாரி, தொப்பியைக் கழற்றாமலேயே, யார் அடுப்பை ஏற்றியது என்று கேட்டான். வின்னி வாயைத் திறந்தாள்.

"நான்," என்றேன். "பெயர் ஹெக்டர் பில்ச்சர். கேப்டன்."

"எதற்கு?" என்று கேட்டான். ஒடில் இல்லாததால் வாஸர்தான் மொழிபெயர்த்தார். அவருடைய ஆங்கிலம் ஒடிந்து ஒடிந்துதான் வரும். நான் சொல்லவில்லை. அது குடும்ப விஷயம், தொப்பிக்காரனுக்கு எதற்கு? வின்னி சொல்லிவிட்டாள். அப்பாவை, மூடுபனியை, அம்மாவை, எல்லாவற்றையும். வாஸர் அதில் எவ்வளவை மொழிபெயர்த்தார் என்று தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு தரம் இருமினான். பிறகு அடுப்பைப் பறிமுதல் செய்வதாகவும் இனி ஒருமுறை இப்படி நடந்தால் வழக்கு என்றும் சொல்லிவிட்டு எங்களை விட்டான். வாஸர் அவனிடம் தனியாக ஏதோ பேசினார். அதில் என் பெயர் வந்தது. எனக்காக ஒருவர் பரிந்து பேசுவதை நின்று கேட்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் வாஸர் கையை நீட்டினார்.

"அதைக் கொடுங்க."

"எதை?"

"டீ. ஊத்தலையே?"

"இங்க எங்க ஊத்தறது?"

"கேளுங்க சம்பந்தி. கடல் எப்பவும் கசியும். சொட்டுச் சொட்டா உள்ள வரும். ரொம்பத் தாழ்வான இடத்துல ஒரு குழி வெட்டியிருக்கோம். நானே வெட்டினது. தண்ணி எல்லாம் அங்க வந்து சேரும். பம்பு அதை மறுபடி கடலுக்கே அனுப்பிடும்." மார்பைத் தட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை எனக்கு அங்க வேலை. நான் ஊத்தறேன். உங்க அப்பாவுக்குப் போயிடும்."

என் கூசாவிலிருந்த தேநீரைத் தன் பிளாஸ்கில் ஊற்றி மூடினார். பிளாஸ்கில். நான் என்ன சொல்ல முடியும்? நன்றி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு, புயலில் கப்பலைக் கரை சேர்த்தபோதுகூடப் பட்டதில்லை.

மறுநாள் மேயர் குறித்த நேரத்துக்கு வந்தார், கையெழுத்தும் நல்லபடியாக முடிந்தது. காற்று இன்னும் ஓயவில்லை. மண்டபத்து வாசலில் ஒடிலின் முக்காடு பறந்து மேயரின் தலையில் விழுந்தது. வாஸர் வீட்டில் நடந்த விருந்தில் வின்னியின் கேக் கிரீம் உருண்டைக் கோபுரத்துக்கு எதிரே ஒரு விரல்கூடச் சாயாமல் நின்றது. வின்னி அந்தக் கோபுரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ள காலியா இருக்கும் பாரு," என்று என் காதில் சொன்னாள்.

சூப் முடிந்ததும், வாஸரின் அக்கா மத்தில்த் மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து என்னிடம் ஏதோ கேட்டாள். ஒடில் மொழிபெயர்த்தாள்.

"நல்லவேளை நீங்க வியாழக்கிழமையே கப்பல்ல வந்துட்டீங்களாமே மாமா. அத்தை சொல்றாங்க, அனுபவஸ்தருக்குக் காத்து வர்றது முன்னாடியே தெரியும்னு."

"யார் சொன்னது?"

"டெரன்ஸ் அண்ணன் நேத்து எல்லார்கிட்டயும் சொன்னாரே. கலேல ஓட்டல்ல தங்கினீங்கன்னு."

நான் டெரன்ஸைப் பார்த்தேன். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் மும்முரமாக இருந்தான். எதிரே வாஸர் தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். நேற்று இரவே தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். மேஜையில் இருந்த அத்தனை பேரும் என்னை மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பில்ச்சர் குடும்பத்து வாக்குத் தவறவில்லை என்று ஆகிவிடும். தரைவிரிப்பு விற்பவனின் பொய்யிலும், நான் எலி என்று சொன்ன ஒருவரின் மௌனத்திலும் என் குடும்ப மானம் நிற்க வேண்டும்.

எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது.

"ஒடில், நான் சொல்றதை அப்படியே சொல்லு."

"அப்படியேதான் மாமா சொல்வேன்."

"நான் வியாழக்கிழமை வரல. நேத்து வந்தேன். கப்பல்ல வரல. அடியில வந்தேன். கதவை இவர்தான் திறந்தாரு." வாஸரைக் காட்டினேன். "டிசம்பர்ல இந்த வீட்டுல நான் ஒண்ணு சொன்னேன். அதுல எலின்னு சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துக்கறேன். மத்ததை இல்ல."

ஒடில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. கிளைவ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். டெரன்ஸின் வெண்ணெய்க் கத்தி கீழே விழுந்தது. நான் உட்கார்ந்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது.

வாஸர் மெதுவாக எழுந்தார். சுற்றி வந்து என் கோப்பையை நிரப்பினார். சரி, இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மனிதர் நேற்றிலிருந்து வாயைக் கட்டி வைத்திருந்தாரே, அது இப்போது அவிழ்ந்துவிட்டது. சூப் பாத்திரத்தைக் கூசாவாகத் தூக்கிக்கொண்டு, முதுகை விறைத்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நான் நடந்த நடையை நடந்து காட்டினார். மீன் கேட்ட அம்மாளைக் காட்டினார். அவள் கேட்டதை அவர் பார்த்திருக்கவே முடியாது. வின்னிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேக்கைப் பிடித்த சீருடைப் பெண்ணைக் காட்டினார். மேயர் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மத்தில்த் எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கி, நான் கப்பலில் திரும்பினேன். வின்னியும் என்னோடு வந்தாள். அடுப்பு இல்லாததால் கப்பல் கடையில் காகிதக் கோப்பையில் சூடாக வாங்கி, பாதிக் கடலில் ஊற்றினோம். டெரன்ஸ் சுரங்கத்தில் போய் எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்து, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை மாலை தொலைபேசி அடித்தது.

"சம்பந்தி! ஊத்தியாச்சு!" வாஸர் கத்தினார். பின்னால் ஏதோ எந்திரத்தின் இரைச்சல். "பம்பு இப்பதான் ஓடுச்சு. நான் தொப்பியைக் கழட்டிட்டு நின்னேன். பசங்களையும் கழட்டச் சொன்னேன். போயிருக்கும், உங்க அப்பாவுக்கு."

வெள்ளிக்கிழமை போட்ட தேநீர். மூன்று நாள் பிளாஸ்கில் கிடந்தது.

"நன்றி," என்றேன்.

"யாரு? என்னவாம்?" என்றாள் வின்னி, பின்னல் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஆறின டீயைக் கொண்டுபோய் அப்பாவுக்கு ஊத்தியிருக்காரு. தொப்பியை வேற கழட்டினாராம்."

"பாவம், நல்ல மனுஷன். அடுத்த தடவ சூடா ஊத்தச் சொல்றதுதானே?"

"அடுத்த தடவையா? அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது!"

நான் இன்னும் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காதில் வைத்தேன்.

"அலோ? சம்பந்தி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் வாஸர். "அடுத்த தடவையா? எப்ப வர்றீங்க?"